பைக்குள் இருந்த விசில்

ஆம்பூரில் இரண்டு தோல் தொழிற்சாலை அணிகளுக்குக் கால்பந்து ஆட்டம். போன ஞாயிறு இதே மைதானத்தில் நவீன்குமார் உதைத்ததில் எதிரணி ஃபைஸானின் கால் முறிந்தது. நடுவர் பரணிதரன் அப்போது விசில் ஊதவில்லை. மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில் இன்று தோள் உரசினால்கூட ஊதினார். இரண்டு அணிகளுக்கும் வெறி ஏறியது.

"இன்னா சார், மூச்சு விட்டாகூட ஃபவுலா?" என்றான் ஃபைஸானின் அண்ணன் இர்ஃபான். "என் தம்பி கால் ஒடையும்போது இந்த விசில் எங்க போச்சு?"

பரணிதரன் விசிலைக் கைக்குட்டையால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "இனிமே ஊதமாட்டேன். அடிச்சிக்கினு சாவுங்க."

பந்து நவீன்குமாரிடம் வந்தது. இர்ஃபான் பந்தை விட்டு அவன் காலைக் குறிவைத்து ஓடிவந்தான். அப்போது நீளமாக ஒரு விசில் கேட்டது. தொழிற்சாலையில் விசில் கேட்டால் தோல் பதனிடும் சுழல் டிரம்மை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் நவீன்குமார் நின்றான். எல்லோரும் நின்றார்கள். இர்ஃபான் மட்டும் நிற்கவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கோல் கம்பம்வரை கேட்டது.

"ஏன்யா ஊதுன?" என்று தரையில் கிடந்தபடி கேட்டான் நவீன்குமார். "ஓடித் தப்பிச்சிருப்பேனே."

பரணிதரன் பையைத் தொட்டார். பொத்தான் மாட்டியபடியே இருந்தது. கழற்றி விசிலை எடுத்தார். துடைத்து வைத்த அதன் வாயில் புது எச்சில் சூடு ஆறாமல் இருந்தது.