காகம் தொட்ட இலை

பவளம்மா சாகும்போது, கொல்லைப்புற மனையைத் தெருநாய்க் காப்பகத்துக்கு என்று உயில் எழுதி வைத்தாள். மகன்கள் அந்த உயிலைப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள்.

செத்தவர் ஆசை நிறைவேறாவிட்டால் காகம் சோற்றைத் தொடாது என்பார்கள். இரண்டாம் வருஷத் திவசத்தன்று, மதில்மேல் இருந்த காகத்திடம் கீழேயிருந்து நொண்டி நாய் கெஞ்சியது.

"அக்கா, மனையைக் கொடுக்கிற வரைக்கும் வாய் வைக்காதே. மழைக்கு ஒதுங்க என் குட்டிகளுக்கு இடமில்லை."

"சரிடி, தொடமாட்டேன்."

வெகுநேரம் காகம் அசையவில்லை. பெரியவன் பயந்துபோய்க் கைகூப்பினான்.

"அம்மா, உன் ஆசைப்படியே மனையைக் கொடுத்திடறோம். வந்து சாப்பிடும்மா!"

காகம் இறங்கி, படையல் இலையில் இருந்த அதிரசத்தைக் கொத்தியது.

"அம்மா மனசு நிறைஞ்சிடுச்சு" என்று சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இலைப்பக்கம் வந்த நாயைக் கல்லால் அடித்து விரட்டினான்.

"ஏன்க்கா தின்னே? போன வருஷமும் இதையேதானே சொன்னாங்க?"

காகம் அலகை மதிலில் தேய்த்துத் துடைத்தது.

"போன வருஷம் வெறும் சோறுதான்டி வச்சாங்க. சொன்னதைச் செய்யாததால இந்த வருஷம் அதிரசம். அடுத்த வருஷம் பாயசமே வரும், பாரு."