இடுக்கியில் ஆடிய இறால்

“கீழே படுத்துத் தூங்குறவன் நான். என் தலைக்கு மேல நானூறு லிட்டர் உப்புத்தண்ணி, அதுக்குள்ள ஒரு விஷ மீன். ஏதாவது ஆனா யார் பொறுப்பு?”

ஐனார் மறுபடியும் அதையே சொன்னார். சலவை அறையில் கூடியிருந்த கட்டடவாசிகள் கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த கேக்கைப் பார்த்தார்கள்.

“தொட்டி உடைஞ்சா நீ நனைவே, மீன் சாகும். நஷ்டம் மீனுக்குத்தான்,” என்றார் மேல்வீட்டு டார்பென், கால்சட்டைப் பைகளில் கையை விட்டபடி.

பிர்கிட்டுக்கு எரிச்சலாக வந்தது. டென்மார்க்கின் ஆல்போர்க்கில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்புக் கட்டடத்துக்குத் தலைவியாக இருப்பதென்றால் சும்மாவா? ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கக்கூட எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நாய் அல்லது ஒரு பூனை என்று விதி இருக்கிறது. விஷ மீனைப் பற்றி, விதி எழுதிய புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை.

“நான் போய்ப் பார்க்கிறேன். அடுத்த வாரம் முடிவு பண்ணலாம்,” என்று கூட்டத்தைக் கலைத்தாள்.

போனாள். காபி கொடுத்தார் டார்பென், அரைக் கோப்பை. தனியாக வாழும் ஆம்பிளைக்குக் காபித்தூளில்கூடக் கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டே தொட்டிப் பக்கம் திரும்பியவள், காபியை மறந்தாள்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சிங்கமீன். விசிறி விசிறியாகச் துடுப்புகளை விரித்துக்கொண்டு, ராணி படியிறங்குகிற மாதிரி கண்ணாடியருகே வந்தது.

“கொட்டுமா?”

“தேடி வந்து கொட்டாது தலைவியம்மா. முதுகு முள்ளுல நாம போய் இடிச்சாத்தான்.”

“கொட்டினா?”

“தாங்கிற அளவு சூடான தண்ணியில கையை வைச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். வலி உசிர் போகும்னு சொல்றாங்க.”

நீளமான இடுக்கியில் ஒரு செத்த இறாலைப் பிடித்து நீருக்குள் இறக்கினார். இறால் துடித்தது, நெளிந்தது. இடுக்கி கண்ணாடியில் பட்டு டக் டக்கென்றது. மீன் ஒரு கணம் உற்றுப் பார்த்தது. அடுத்த கணம் இறாலைக் காணோம்.

“செத்ததை இது தொடாது. ஆடினாத்தான் உசிரோட இருக்குன்னு நம்பும்,” என்றார்.

“அடடா, எவ்வளவு அழகா ஆட்டுறீங்க. நானே அது உசிரோட இருக்குன்னு நம்பிட்டேன்.”

டார்பென் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். “பழக்கம்தான்.”

இந்த அழகையா விரட்டச் சொல்கிறார் அந்தக் கிழவர்? பிர்கிட் படியிறங்கி நேரே ஐனார் வீட்டு மணியை அடித்தாள்.

“உங்களுக்கு வெட்கமா இல்லையா? வருஷக்கணக்கா ரெண்டு பேரும் சேர்ந்து சீட்டாடினவங்க. அந்த மனுஷருக்கு இருக்கிறது அந்த மீன் ஒண்ணுதான். அவர் இறாலை ஆட்டிக் காட்டுறதை ஒரு தடவை போய்ப் பாருங்க, அப்புறம் பேசுங்க.”

“அவன் ஆட்டலை பிர்கிட்,” என்றார் ஐனார் மெதுவாக. “அது தானா ஆடுது.”

பிர்கிட்டுக்குப் புரியவில்லை.

“தினமும் சாயங்காலம் மேலேருந்து டக் டக்குனு கேக்கும். முன்னெல்லாம் அந்தச் சத்தம் கிடையாது. என் பொண்டாட்டி கிரேத்தாவுக்கும் கைநடுக்கம் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஸ்பூன் தட்டுல இடிக்கிற சத்தத்தோட.”

அரைக் கோப்பை காபி பிர்கிட்டின் நினைவுக்கு வந்தது.

“அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?”

“கையிலேருந்து சீட்டு நழுவினப்ப, கைக்கு என்னடான்னு கேட்டேன். குளிருதுன்னான். ஜூன் மாசம். அதோட சீட்டாட வரதை நிறுத்திட்டான்.” ஐனார் கதவைப் பிடித்துக்கொண்டார். “வாராவாரம் தொட்டிக்குள்ள கையை விட்டுக் கண்ணாடி துடைக்கிறான். ஆடுறதெல்லாம் இரைன்னு அந்த மீனுக்குப் பழக்கி வைச்சிருக்கான். அந்தக் கையைப் பார்த்தா அது ஒதுங்கியா போகும்? இதை அத்தனை பேர் நடுவுல எப்படிச் சொல்றது? அதான் மீனைத் திட்டினேன்.”

அடுத்த கூட்டத்தில் பிர்கிட்தான் கேட்டாள், “மேல்மாடியில தொட்டி வேண்டாம்ங்கிறவங்க கை தூக்குங்க.” கேட்டுவிட்டுத் தன் கையையே முதலில் தூக்கினாள். தலைவியே தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள்.

டார்பென் முகம் வெளுத்தது.

“எங்க வீட்டுக்கு இறக்கிடலாம்,” என்றார் ஐனார். “கழுவுறது, துடைக்கிறதெல்லாம் நான் பார்த்துக்கறேன். சாப்பாடு மட்டும் அவன் வந்து போடட்டும்.”

“அதானே பார்த்தேன்,” என்றாள் மூன்றாம் மாடி ஹன்னே. “மேல இருந்தா விஷம், ஒரு மாடி இறங்கினா அமுதமா? அந்த மீன் மேல கண்ணு வைச்சுத்தான் இத்தனை நாடகமும்.”

சலவை அறையே சிரித்தது. ஐனார் தலை நிமிரவில்லை. பிர்கிட் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

டார்பென் மட்டும் சிரிக்கவில்லை. கைகள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன.

“மீன்னாலே உனக்குப் பிடிக்காது. ஹெர்ரிங்கைக்கூட ஒதுக்கி வைக்கிறவன் நீ. உனக்கு எதுக்கு ஐனார் என் மீன்? அதை மட்டும் சொல்லு.”

பிர்கிட் டார்பெனின் கோப்பையை எடுத்து, பாதி வரை மட்டும் காபி ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.