விருந்தோடு முடிந்த கதை

ஓநாய்கள் ஒருவழியாக மலையை விட்டுப் போய்விட்டன. அவை நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த செவலை ஆடுதான் ஆடுகளுக்கென்று முதல் கதையை எழுதியது. மந்தையைக் கூட்டி வாசித்தும் காட்டியது.

கதையில், பஞ்சத்தில் பிரிந்த அண்ணன் ஆடும் தம்பி ஆடும் கடைசியில் ஒன்றுசேர்ந்தன. ஓநாய்களின் கதைகளைப் போலவே இதுவும் விருந்தோடு முடிந்தது.

"அண்டாவில் கறி கொதித்தது. வாசனை ஊரையே தூக்கியது."

மந்தையே சப்புக்கொட்டியது.

மயிலை என்ற தாய் ஆடு மட்டும் எழுந்து முன்னால் வந்தது. "ஏக்கா, அது என்ன கறி?"

"என்னடி கேள்வி இது? ஆட்டுக்கறிதான்," என்றது செவலை. "அது இல்லாம கதைய எப்படி முடிக்கிறது?"

மயிலை தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தது. அதன் வாயிலும் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.