ஈரத் தடம்

“இது யாரோ வேணும்னே பண்ற வேலை” என்றாள் தையல்காரி.

முந்தின நாள் மழையில் நனைந்து கிடந்த சைக்கிள் பாதையில் ஒரு சக்கரத் தடம் நெளிந்து நெளிந்து போயிருந்தது. வளைவில் புதருக்குள் புகுந்து, வெளியே வந்து, மறுபடியும் புகுந்திருந்தது.

ஊரே மண்வெட்டியும் கூடையுமாக வந்து புதிதாக வெட்டிய பாதை அது. சைக்கிள் சங்கத்தில் எதை மன்னித்தாலும் ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். மண் காய்வதற்கு முன்னால் சக்கரம் ஏறக் கூடாது. ஏறினால் பள்ளம் விழும். காய்ந்தால் பள்ளம் அப்படியே இறுகிப்போகும். மீறியவருக்கு ஒரு வருஷம் ரேஸ் கிடையாது.

அந்த விதியைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற சர்வேயர். அதில் முதல் ஆளாக மாட்டியவர் தையல்காரியின் கணவர், கொத்தனார். வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டிருந்த மனுஷன், இந்த வருஷம் ரேஸில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் போகிறார்.

“ஒரே ஒரு வளைவை ஓட்டிப் பார்த்ததுக்கு உங்களை உட்கார வெச்சாரு. இவனை மட்டும் சும்மா விடறதா?”

“விடேன். நான் சரி பண்ணிடறேன்” என்று கொத்தனார் மண்ணை நிரவ ஆரம்பித்தார். மழைக்காலத்தில் அவருக்கு வேறு வேலையும் இல்லை.

விட்டால் அவள் என்ன சங்கச் செயலாளர்? அடுத்த மழை ஓய்ந்த காலையில் தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டுக் குடையோடு கிளம்பினாள்.

பாதையின் வாசலிலேயே ஆள் கிடைத்துவிட்டார். முழங்கால்வரை சேறு. டயரில் அப்பிய மண். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சாட்சாத் தலைவரேதான்.

“பாதையைப் பார்க்க வந்தேம்மா. மண்ணு இன்னும் காயல” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவினார்.

அவருக்குப் பின்னால் அதே கோணல் தடம், புத்தம் புதுசாக.

தையல்காரி விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்தபோது கொத்தனார் கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“பிடிச்சுட்டேன். யாரு தெரியுமா? நம்ம தலைவரு.”

கொத்தனாரின் கையிலிருந்த சொம்பு நழுவியது.

“நீங்க ஏன் இப்படி முழிக்கிறீங்க? ரேஸ் அன்னைக்கு எத்தனை ஊர்ச் சங்கம் வருது. அத்தனை பேருக்கும் முன்னாடி, மைக்குல, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப் போறேன்.”

“வயசான மனுஷன். அதுவும் பாதைக்குத் தன் நிலத்தையே குடுத்தவரு...”

“உங்களைத் தண்ணி ஊத்த விட்டவருக்கு நீங்களே வக்காலத்தா?”

கொத்தனார் விழுந்த சொம்பை எடுத்து மறுபடியும் காலைக் கழுவ ஆரம்பித்தார்.

ரேஸ் அன்று வெயில் பளிச்சென்று அடித்தது. பாதையோரமெல்லாம் கூட்டம். அக்கம்பக்கத்துச் சங்கங்கள் கலர் கலராகப் பனியன் போட்டு வந்திருந்தன. புதுப் பாதையில் முதல் சுற்றைத் தலைவர் தனியாக ஓட்டித் திறந்துவைப்பார், பிறகுதான் போட்டி. எல்லாச் சங்கத்திலும் அதுதான் வழக்கம்.

தையல்காரி மைக்கைக் கையில் எடுத்தாள். கேட்க வேண்டிய நாலு கேள்வியையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

அப்போது தலைவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் அருகில் வந்தார்.

“செயலாளரம்மா, ஒரு உதவி. நான் தடுமாறினா யாரும் சிரிக்காம பார்த்துக்கோங்க.”

“ஏன் தடுமாறணும்?”

“எனக்கு சைக்கிள் விடத் தெரியாது.”

யோசித்துப் பார்த்தாள். தலைவர் சைக்கிளோடு வராத நாள் இல்லை. ஆனால் அவர் அதில் ஏறி அவள் பார்த்ததில்லை. பாதையை நடந்து பார்த்தால்தான் கல் தெரியும் என்பார். ஊரும் நம்பியது.

“தலைவரா இருந்துக்கிட்டு இதை யார்கிட்ட சொல்றது? முதல் சுத்து நான்தான் போகணும்னு தெரிஞ்சதுலேர்ந்து தூக்கமே இல்ல. மண்ணு ஈரமா இருந்தாத்தான் அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க. அதான் மழை விட்டதும் போய்ப் பழகினேன். விதியை மீறினது மீறினதுதான். ரேஸ் முடிஞ்சதும் என்னையும் ஒரு வருஷம் நிறுத்திடுங்க.”

தையல்காரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“முதல் சுற்று ஓட்டறது நம்ம தலைவர்” என்றாள். “எல்லாரும் நல்லா கை தட்டுங்க.”

தலைவர் ஏறினார். சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு ஒரு மாதிரி நேரானது. மரங்களுக்குப் பின்னால் மறைந்தார். தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரை மைக்கில் கிழிக்க நினைத்ததை எண்ணி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கடைசி வளைவில் தலை தெரிந்தது. புதரை உரசிக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, எம்பி, மறுபடியும் மிதித்து, கோட்டைத் தாண்டி வந்தார். கூட்டம் ஆரவாரித்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். தையல்காரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைவர் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு, மாலையோடு நின்றவர்களையெல்லாம் தாண்டி, நேரே தண்ணீர் மேஜைக்கு ஓடினார். அங்கே நின்ற கொத்தனாரைக் கட்டிக்கொண்டார்.

கொத்தனார் அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்துவிட்டு அதட்டினார்:

“வளைவுல முன் பிரேக்கைப் பிடிக்காதீங்கன்னு, சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடி ஓடி, எத்தனை மழையில சொல்லிக் குடுத்தேன் தலைவரே?”