தப்பில்லாமல் சொல்

"தப்பு. முதல்லேர்ந்து சொல்லு."

பேராசிரியையின் குரல் வகுப்பில் ஒலிப்பது போலவே கணீரென்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பயிற்சி டாக்டர், அவருடைய மாணவி, மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தாள்.

வார்டை ஒட்டிய சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. சாவுச் செய்தியை யாரும் வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது என்று மல்லுக்கட்டி அந்த அறையை வாங்கியதே பேராசிரியைதான்.

"மேடம், சார் வந்து..."

"எந்த சார்? இப்ப நான் உனக்கு மேடம் இல்லை. ஒரு நோயாளியோட பெண்டாட்டி. 'உங்க கணவர்'னு சொல்லு. ஃபைலைப் பார்க்காதே, என்னைப் பாரு."

"உங்க கணவர்... போயிட்டாரும்மா."

"போயிட்டாரா? எங்கே, பஸ் பிடிக்கவா? நான் வாசலைத் திரும்பிப் பார்க்க மாட்டேனா? இன்னொரு தடவை."

மாணவியின் பையில் போன் அடித்தது.

"முதல்ல அதை அணை. நான் அழுறப்ப உன் போன் பாட்டுப் பாடணுமா?"

அணைத்தாள்.

"எங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சோம். ஆனா..."

"நிறுத்து. என் தலையில இடி விழப்போகுது, நீ உனக்குக் குடை பிடிச்சுக்கறியே! நீங்க என்ன செஞ்சீங்கன்னு அப்புறம் கேட்டுக்கறேன். மறுபடியும்."

"என்னால முடியலை மேடம்." அவள் கண் நிறைந்துவிட்டது.

பேராசிரியையின் குரல் இறங்கியது. "அழுகை வந்தா வரட்டும்மா. அதுக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன். ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு அழு. இந்த ஒரு பாடத்தைப் பாடத்திட்டத்துல சேர்க்க எத்தனை கூட்டத்துல தொண்டை கிழியக் கத்தினேன் தெரியுமா? 'வைத்தியம் கத்துக்கொடுத்தா போதாதா, பேசறதுக்குக்கூடவா ஒரு வகுப்பு'ன்னு சிரிச்சாங்க. நீ தடுமாறினா அவங்க சிரிச்சதுதான் சரின்னு ஆயிடும். நாற்காலியைக் கிட்டப் போட்டுக்கோ. சுத்தி வளைக்காம சொல்லு. சொன்னப்புறம் வாயை மூடிக்கிட்டுக் கூடவே இரு. அவ்வளவுதான் பாடம்."

மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கெட்ட செய்திம்மா. உங்க கணவரோட இதயம் நின்னு போச்சு. திரும்பத் துடிக்க வைக்கப் பார்த்தோம், துடிக்கலை. அவர் இறந்துட்டார்."

சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கூடவே இருந்தாள்.

எதையோ திருத்தப் பேராசிரியை வாய் திறந்தார். திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

கதவைத் தட்டிவிட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். "மேடம், சாரோட உடம்புலேர்ந்து குழாயெல்லாம் எடுத்தாச்சு. வந்து பார்க்கறீங்களா?"

பேராசிரியை எழுந்திருக்கவில்லை. மாணவியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஒரு தப்புகூட இல்லாம சொல்லிட்டியேம்மா... இனிமே நான் நம்பித்தானே ஆகணும்?"