களிப் பானையில் படகு

"அக்கா, பந்தல் இருக்கு. மூணாவது தெரு, மூலை வீடு" என்று புலேங் போனில் சொன்னபோது திசேபோ ஏற்கெனவே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு செத்தது?"

"யாருக்குத் தெரியும்? புதுசா குடி வந்தவங்களாம். அந்த வீட்டு ஆம்பளைன்னு பேசிக்கிறாங்க. பானை வந்து இறங்கியாச்சு, சீக்கிரம் வா."

சனிக்கிழமை காலை என்றால் சோவேட்டோவில் எங்காவது ஒரு சாவுப் பந்தல் இருக்கும். கடந்த பதினொரு வாரமாகத் திசேபோ ஒரு சாவையும் தவற விட்டதில்லை. முகம் தெரியாதவர்களுக்குக்கூட ஓடி ஓடி உழைக்கிறாளே என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர். காரணம் அவள் மணிக்கட்டில் இருந்தது.

மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த வாட்ச் அது. வாரத்துக்கு அரை மணி நேரமாவது ஒரே மூச்சில் உடற்பயிற்சி செய்ததாக அது சாட்சி சொல்ல வேண்டும். பன்னிரண்டு வாரம் இடைவிடாமல் சொல்லிவிட்டால், கேப் டவுனுக்குப் பாதி விலையில் விமான டிக்கெட். அங்கேதான் அவள் மகள் அடுத்த மாதம் நர்ஸ் பட்டம் வாங்குகிறாள். பஸ்ஸில் போனால் இருபது மணி நேரம். திசேபோவின் முழங்கால் அதற்குத் தாங்காது.

அந்த முழங்காலோடு அவள் நடந்த நடையை வாட்ச் ஒரு நடையாகவே மதிக்கவில்லை. மேட்டுத் தெரு சர்ச்வரை மூச்சிரைக்க ஏறிப் போனால் 'ஓய்வு' என்று பதிந்தது. பிறகு ஒரு நாள், சித்தப்பா சாவில் நூறு பேருக்குச் சோளக் களி கிண்டினாள். 'படகு வலித்தல், நாற்பது நிமிடம், அபாரம்' என்று கை அதிர்ந்தது. திசேபோ படகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

வீட்டுச் சட்டியில் கிண்டினால் வாட்ச் அசைந்துகொடுக்கவில்லை. மூன்று கால் இரும்புப் பானையும் ஆளுயரத் துடுப்பும்தான் வேண்டும். அவை ஈமச் சங்கத்துக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டதற்கு, யாராவது செத்தால் வா என்று சொல்லிவிட்டார் சங்கத்துக்காரர்.

இன்று பன்னிரண்டாவது வாரத்தின் கடைசி நாள்.

மூலை வீட்டில் சவப்பெட்டி இன்னும் வரவில்லை. உறவுக்காரர்களையும் காணோம். முற்றத்தில் நாலைந்து பெண்கள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பானையில் தண்ணீர் கொதித்தது. திசேபோ யாரையும் கேட்காமல் மாவைக் கொட்டினாள், துடுப்பைப் பிடித்தாள்.

ஆறாவது நிமிடம், கறுப்புக் கம்பளி போர்த்திய ஒருத்தி வீட்டிலிருந்து வெளியே வந்தாள். தான் கொஞ்சம் கிண்டட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். முற்றமே திகைத்துப்போனது. புருஷனைப் பறிகொடுத்தவள் அடக்கம் முடியும்வரை அறையில் தரையில் போட்ட மெத்தையை விட்டு எழக்கூடாது. அடுப்புப் பக்கம் தலைகாட்டவே கூடாது. நாலு பேர் சேர்ந்து அவளைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பினார்கள்.

பதினாறாவது நிமிடம் மறுபடி வந்தாள். அவருக்குத் தன் கையால் கிண்டின களி என்றால் உயிர் என்றாள். புலேங் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், கொஞ்சம் விட்டுக்கொடேன் என்று திசேபோவின் காதைக் கடித்தாள்.

"நீ சும்மா இருடி. இப்ப கையெடுத்தா முதல்லேருந்து படகு வலிக்கணும்" என்று முணுமுணுத்த திசேபோ, விதவைப் பக்கம் திரும்பிக் குரலைத் தழைத்தாள். "நாங்க எதுக்கும்மா இருக்கோம்? நீங்க போய் உக்காருங்க. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

இருபத்தெட்டாவது நிமிடம் அவள் கேட்கவே இல்லை. நேராக வந்து துடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு அரை மணி நேரம் குடுங்கக்கா. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"இதைப் பாத்தா செத்தவரு ஆத்மா எப்படிம்மா சாந்தியாகும்?" என்று சொல்லிக்கொண்டே திசேபோ துடுப்போடு அவளையும் சேர்த்துக் கிண்டினாள். நல்ல கனம்.

கை அதிர்ந்தது. முப்பது நிமிடம். பன்னிரண்டு வாரம். வானத்தில் அவளுக்கென்று ஒரு ஜன்னலோர சீட் தெரிந்தது.

களி இறுகிவிட்டது. புலேங் அதைப் பாத்திரங்களுக்கு வழித்து எடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் விதவை குலுங்கிக் குலுங்கி அழுதாள். காரியம் முடிந்த பிறகு விழித்துக்கொள்கிற மனசாட்சி திசேபோவுடையது. ஒரு விதவையின் கடைசி ஆசையைக் கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு உறுத்த, அவளைத் தோளோடு அணைத்து அறைக்குக் கூட்டிப்போனாள்.

சம்பிரதாயப்படி அறையைக் காலி செய்திருந்தார்கள். தரையில் மெத்தை. சுவரோடு பதித்த அலமாரி மட்டும் இருந்தது.

"அழாதீங்கம்மா. நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பாரு. எப்படிப் போனாரு?" என்று திசேபோ மெல்லக் கேட்டாள்.

அவள் பதில் சொல்வதற்குள் அலமாரிக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. வியர்த்து வழிந்த ஓர் ஆணின் தலை எட்டிப் பார்த்து, "என்னாச்சு, எத்தனை நிமிஷம் படகு வலிச்ச?" என்றது.

விதவை கம்பளிக்குள்ளிருந்து வாட்ச் கட்டிய கையை நீட்டினாள்: "ஒண்ணுகூட ஏறலைங்க. உங்க சாவுக்கு வந்தவங்க துடுப்பை விட்டாத்தானே."