தகவல் தந்தவர்

அண்ணன் இறந்து எட்டு வருஷமாகிறது என்ற செய்தியோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அப்ப இறப்புச் சான்றிதழ் வாங்கணுமேங்க?"

அவருக்குச் சுருக்கென்றது.

மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, பதினைந்து வருஷத்துப் பகையை விழுங்கிக்கொண்டு, அண்ணன் குடியிருந்த அறையைத் தேடிப் போயிருந்தார். பக்கத்து அறைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "அவர் போய் ஏழெட்டு வருஷம் இருக்குமே சார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்புறம் திரும்பி வரல."

பத்திரிகை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அதற்குள் இவள் சான்றிதழுக்குப் போய்விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எப்படி, என்ன என்று ஒரு வார்த்தை இல்லை.

மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாள் விண்ணப்பத் தாளையே வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டாள்.

தகராறுக்குக் காரணமான அப்பாவின் வீட்டில் அண்ணனுக்குப் பாதி உண்டு. அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு வாய் கசந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். இவளா இப்படி?

நாலாம் நாள், பதிவு அலுவலகத்தின் கவுன்ட்டரில் இருவரும் நின்றார்கள்.

"இறந்த தேதி?" என்றார் எழுத்தர்.

"தெரியாதுங்க."

"மாசம்?"

"அதுவும் தெரியாது."

எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உறவுன்னு கேட்ட இடத்துல தம்பின்னு எழுதியிருக்கீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து மனைவிதான் பதில் சொன்னாள். "எட்டு வருஷத்துக்கு முந்தின ரிஜிஸ்தரைப் பாருங்க. பெரிய ஆஸ்பத்திரி."

முக்கால் மணி நேரத்தில் சான்றிதழ் வந்தது. பெயர், தகப்பன் பெயர், தேதி, இடம். அவ்வளவுதான். நாலு நாளாக அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த விஷயம் அதில் இல்லை.

கேட்டே விட்டார். "கடைசி நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு எதுலயாவது இருக்குமா? வாயில தண்ணி ஊத்தவாவது ஒரு ஆள்..."

"சான்றிதழ்ல அதெல்லாம் வராது சார்."

தாளை மடித்துக்கொண்டு திரும்பினார்.

"ரிஜிஸ்தர் பக்கத்தோட நகலையும் கேளுங்க" என்றாள் மனைவி.

"எதுக்கு? இதுவே போதும். வீடு முழுசா உன் கைக்கு வந்துடும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனாலும் குரல் மாறவில்லை.

"நகல் கேளுங்க."

சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

எழுத்தர் அலுத்துக்கொண்டே மறுபடி உள்ளே போய், கனத்த பதிவேட்டைத் தூக்கி வந்து விரித்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"கூட ஆள் இருந்திருக்காங்களே சார். இதோ பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "இது என் வீட்டு விலாசமாச்சே. மாத்தி எழுதிட்டீங்க."

"மாத்தியெல்லாம் எழுதல. இது தகவல் தந்தவரோட விலாசம். யாரு வந்து சாவைப் பதிவு பண்ணாங்களோ அவங்களோடது. உறவுன்னு போட்ட இடத்துல பாருங்க."

'தம்பி மனைவி' என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் கையெழுத்து. மகளுடைய ராங்க் கார்டில் பன்னிரண்டு வருஷம் பார்த்த கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே அதே சின்னக் கோடு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்றரை மாதம் மத்தியானம்தோறும் அவள் பிளாஸ்க்கோடு கிளம்பிப் போனது அவருக்கு நினைவு வந்தது. சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை என்றாள். "உன் சிநேகிதிக்கு வேற நாதி இல்லையா?" என்று அவர் கிண்டல் செய்ததும் நினைவு வந்தது. இந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கும் எட்டு மணிக்கு அவருக்குச் சாப்பாடு மேஜைக்கு வந்திருக்கும். உப்பு குறைவு என்றுகூட அவர் சொல்லியிருப்பார்.

"இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் பெஞ்சைப் பார்த்தார். ஒரு மலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கூந்தலில் பாதி நரைத்து, அவள் உட்கார்ந்திருந்தாள்.

மெல்ல நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தது. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவனைப் பத்தி இனிமே உன் வாயால ஒரு வார்த்தை வரக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினீங்க. அப்பவும் ரெண்டு தடவை வாயெடுத்தேன். எழுந்து போயிட்டீங்க." அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள். "நான்தான் சொல்லக் கூடாது. காகிதம் சொல்லலாமே. அதான் கூட்டிட்டு வந்தேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சத்தியத்தை இப்பவாவது திருப்பி எடுத்துக்கறீங்களா? உங்ககிட்ட சொல்லச் சொல்லி உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கார். எட்டு வருஷமா எடுத்து வச்சிருக்கேன்."